எட்டு நிமிடத்துக்கு ஒரு படம்

அந்த ஸ்கேன் மையத்தில் அவளை எல்லாரும் எட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்கும், எக்ஸ்ரே எடுப்பவருக்கும், தரை துடைக்கும் அம்மாவுக்கும், வாசல் காவலாளிக்கும் அவள் எட்டக்காதான். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. காலையில் அதற்கு நேராகக் கையெழுத்துப் போடும்போது, யாரோ தூரத்துச் சொந்தக்காரிக்காகப் போடுவது போல அவளுக்கே இருக்கும்.

எட்டக்காவின் வேலை, எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பெட்டியைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தடித்த புத்தகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று, பதிவறை மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்பார்கள். மையம் திறந்த நாளிலிருந்து எடுத்த பழைய படங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. ஊரில் பாதிப் பேருடைய முழங்காலும் முதுகெலும்பும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம். அடுத்த அறையில் உட்கார்ந்து படம் பார்க்கிற டாக்டர், புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வாயைத் திறப்பார். பழைய படம் வேண்டுமென்றால் இந்தப் பெட்டியிடம்தான் வந்தாக வேண்டும்.

பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. பத்து நிமிடம் அதை யாரும் எதுவும் கேட்காவிட்டால் உள்ளே சுற்றுகிற தட்டை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போகும். கேட்டால் எழுந்துவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுந்து, தட்டைச் சுற்றி, பழைய வேகத்துக்கு வந்து சேர அதற்குப் பன்னிரண்டு விநாடி பிடிக்கும். டாக்டரின் கம்ப்யூட்டருக்கோ பத்து விநாடிதான் பொறுமை. அதற்குள் படம் வராவிட்டால் “அப்படி ஒரு படமே இல்லை” என்று அறிவித்துவிட்டு அப்படியே உறைந்துபோகும். அணைத்துப் போட்டு மறுபடி கிளப்பக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் யாராவது ஒருவர் ஸ்கேன் மேசையில் குளிரில் படுத்திருப்பார்.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு விநாடிக்குள்தான் எட்டக்காவின் உத்தியோகம் உட்கார்ந்திருந்தது.

அவள் அங்கே சேர்ந்தது டைப் அடிக்க. டாக்டர் சொல்லச் சொல்ல, ரிப்போர்ட்டைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பாள். ஒரு நாள் பெட்டி மூன்று தடவை தூங்கி, டாக்டர் மூன்று தடவை அறையை விட்டு வெளியே வந்து கத்தி, மேனேஜர் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் செருகிய மனிதர் வந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் “வட்டைத் தூங்க விடாதே” என்ற கட்டளை ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. பெட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் அதற்கென்று தனி மூளை இருக்கிறது, கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை என்றார். அவ்வப்போது அதைச் சீண்டிக்கொண்டே இருக்கும்படி ஒரு சின்ன புரோகிராம் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கேன் இயந்திரம் விற்ற கம்பெனியுடையது. அதில் வெளியாள் ஒரு புள்ளி வைத்தாலும் ஒப்பந்தம் போச்சு.

“யாராச்சும் பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு படத்தத் திறந்து திறந்து மூடுங்க, போதும்,” என்றார் மெக்கானிக். “வெள்ளிக்கிழமை வேற பெட்டி கொண்டாந்து மாட்டிடறேன்.”

மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

அந்த வெள்ளிக்கிழமை வர நாலரை வருடம் ஆயிற்று.

முதல் வாரம் ஒரே படத்தை, யாருடையதோ இடது கணுக்காலை, திரும்பத் திரும்பத் திறந்து மூடினாள். பெட்டி அப்படியும் தூங்கியது. மெக்கானிக்கைப் போனில் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு தடவை பார்த்த படத்தைக் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்திலேயே வைத்திருக்குமாம். மறுபடி கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் காட்டிவிடுமாம். பெட்டி வரைக்கும் சேதி போகவே போகாதாம். அப்புறம்தான் அவள் தடவைக்கு ஒரு புதுப் படம் என்று முறை வைத்துக்கொண்டாள். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக. பத்து நிமிடத்தில் இரண்டைக் கழித்து எட்டு என்று வைத்ததும் அவள்தான். ஒன்பது மணிக்கு முதல் படம், ஒன்பது எட்டுக்கு அடுத்தது, ஒன்பது பதினாறு, இருபத்து நான்கு என்று போய்ப் பதினொன்றுக்குச் சரியாக மணி கூடும். அப்புறம் ஒன்று, மூன்று, ஐந்து. ஒரு நாளைக்கு அறுபது படம், கடைசியில் மணி அடிக்கும்போது உபரியாக ஒன்று.

வேலை என்று வந்துவிட்டால் அதிலும் ஒரு கைப்பக்குவம் வந்துவிடுகிறது. பெட்டி தூங்கும்போது “டிக்” என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு பெருமூச்சு. எழும்போது, நாற்காலியை விட்டு எழுமுன் தொண்டையைச் செருமுகிற பெரியவரைப் போல ஒரு கமறல். மேலே உள்ளங்கையை வைத்தால் விழித்திருக்கிறதா, கண் அசரப் பார்க்கிறதா என்று சொல்லிவிடுவாள். படங்களிலும் அவளுக்கு விருப்பு வெறுப்பு உண்டாயிற்று. கைவிரல்கள் பிடிக்கும். பற்கள் தெரிகிற மண்டை ஓடு மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திறந்து மூடுவாள்.

மற்றதெல்லாம் எட்டு நிமிடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டன. டீ, கழிவறை, சாப்பாடு, வாசலில் யாராவது வந்து நின்றால் அவர்களோடு பேச்சு. தங்கை போன் செய்து குடும்பக் கஷ்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “இரு, படம் திறக்கணும்,” என்று வைத்துவிடுவாள். “உன்கிட்ட ஒரு அழுகைய அழுது முடிக்கணும்னா நாலு தடவ போன் போடணும்டி அக்கா,” என்பாள் தங்கை. நாலரை வருடமாக விடுப்பும் கிடையாது. சொந்தக்காரர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள். பிறகு, அவள் போகாவிட்டால் ஆஸ்பத்திரியே நின்றுவிடுமாம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எட்டக்கா அதைத் திருத்தப் போகவில்லை.

இதற்கிடையில் டைப் அடிக்கும் வேலை சத்தமில்லாமல் போய்விட்டது. டாக்டர் பேசினால் தானே எழுதிக்கொள்கிற ஒரு கருவி வந்து இரண்டு வருடம் ஆகிறது. மிச்சம் இருந்தது எட்டு நிமிடம் மட்டும்தான்.

அதே சமயத்தில்தான் அவள் கணவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். ஒரு பெரிய கிடங்கில் முப்பத்தோரு வருடம் பொருள் இருப்புப் பார்த்தவர். குடும்பத்தில் அவருக்குக் கிடங்குக்காரர் என்றே பெயர். நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் எண்ணுவார். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். இரண்டாம் வாரம் ஸ்பூன்களை எண்ணி, ஒன்று குறைகிறதென்று மூன்று நாள் தேடினார். அவள் உப்பு எடுத்தால், “எவ்வளவு எடுத்த?” என்று பின்னாலிருந்து குரல் வரும். மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். டிவியை அணைத்தாலோ, “ஏன் நிறுத்தின? பாத்துட்டுத்தானே இருந்தேன்?” என்று விழித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவள் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பாள்.

“நீயும் வேலைய விட்டுடு,” என்று அவர் ஆசையாகச் சொல்வார். “ரெண்டு பேரும் வீட்டோட நிம்மதியா இருக்கலாம்.”

எட்டக்காவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால், அது இந்த நிம்மதிதான்.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை வந்தது. மெக்கானிக், வேறு ஏதோ வேலைக்கு நடுவில் நினைவு வந்தவராக ஓடிவந்து, சீட்டுக்கட்டு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புதுப் பெட்டியை வைத்தார். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறும் உட்கார்ந்து படங்களையெல்லாம் அதற்குள் ஏற்றினார். பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போயும்விட்டார். திங்கட்கிழமை வந்த எட்டக்கா, ஒன்பது மணிக்கு முதல் படத்தைத் திறந்துவிட்டு, பழக்கத்தில் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு துடிப்பும் இல்லை. செத்துக் கிடப்பது போல இருந்தது. படம் என்னவோ கண் இமைக்குமுன் வந்து நின்றது.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போய், முப்பத்தைந்து நிமிடம் கழிவறையை விட்டு வர முடியவில்லை. திரும்பும்போது வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஓடிவந்தாள். டாக்டர் அறையில் அமைதி. அவர் அதற்குள் மூன்று பழைய படங்களைப் பார்த்து முடித்திருந்தார். அடுத்த நாள் வேண்டுமென்றே இருபது நிமிடம் விட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம். பெட்டி தூங்கவில்லை.

மெக்கானிக்கைப் போனில் கேட்டாள், சும்மா விசாரிக்கிற மாதிரி.

“தூங்கறதா? அதுல சுத்தறதுக்குத் தட்டே கிடையாதுக்கா. எல்லாம் எலக்ட்ரானிக் சிப்புதான். நிறுத்தவும் ஒண்ணுமில்ல, கிளப்பவும் ஒண்ணுமில்ல.” அப்புறம் சந்தேகமாக, “நீங்க இன்னுமா திறந்து மூடிட்டு இருக்கீங்க?” என்றார்.

“சேச்சே,” என்றாள் எட்டக்கா.

மேனேஜரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அவர் அறை வரைக்கும் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம் ஆகப்போகிறதே என்று திரும்பி ஓடினாள்.

அப்படியே எட்டு மாதம் போயிற்று. தூக்கமே இல்லாத ஒன்றை, அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு அறுபது தடவை எழுப்பினாள்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போக. வேலை இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எக்ஸ்ரே எடுப்பவர் காலையிலேயே எல்லாரிடமும் பரப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சத்தம் போடாத செருப்பு, கையில் ஒரு பலகை, அதில் செருகிய தாள்கள். யார் பின்னால் எப்போது வந்து நிற்கிறாள் என்று தெரியாது. முதல் நாள் வரவேற்பையும் துப்புரவையும் அளந்தாள்.

“என் துணிய ஒரு நாளைக்கு முப்பத்தி ரெண்டு தடவ பிழியறேனாம்,” என்றாள் தரை துடைக்கும் அம்மா, பதிவறை வாசலில் நின்று. “இத்தன வருஷத்துல எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நாளைக்கு உன்கிட்டத்தான் வராளாம் எட்டக்கா. நீ என்னத்தப் பிழிஞ்சு காட்டப்போற?”

எட்டக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில், கணவர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, அவள் ஓய்வு பெற்றதும் அதை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அளக்க வந்தவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவறையில் உட்கார்ந்தாள். ஒன்பது மணி. எட்டக்கா படத்தைத் திறந்தாள், மூடினாள். வந்தவள் குறித்துக்கொண்டாள். ஒன்பது எட்டு. திறந்தாள், மூடினாள். குறித்துக்கொண்டாள். இப்படிப் பதினொன்று வரைக்கும் இரண்டு பேரும் வாய் திறக்காமல் வேலை பார்த்தார்கள். எது வேலை, எது வேலையைப் பார்க்கிற வேலை என்று வாசலிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம்.

பதினொன்றுக்கு அவள் கேட்டாள், “இத நீங்க திறக்கலேன்னா என்ன ஆகும் மேடம்?”

எட்டக்கா நேருக்கு நேர் பொய் சொல்லிப் பழகாதவள். பெட்டி தூங்கினால் டாக்டருக்குப் படம் வராது என்றாள். அது உண்மைதான், தூங்குகிற பெட்டியைப் பொறுத்தவரை.

“கடைசியா எப்ப தூங்குச்சு?”

“எட்டு மாசமா ஒரு தடவகூடத் தூங்கல.”

“அதுக்கு முன்னாடி?”

“மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ தூங்கிடும். என்னதான் பாத்தாலும் மனுஷிதானே.”

அளக்க வந்தவள் பேனாவை நிறுத்தினாள். “அப்ப எட்டு மாசத்துக்கு முன்னாடி என்ன மாறுச்சு?”

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டுவிட்டாள். மேசை மேல் சாம்பல் பெட்டி, தன் நீல விளக்கோடு, எதற்கும் சம்பந்தமில்லாததைப் போலக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார். ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் போல.

“என்ன மாறுச்சா? இந்தம்மாவுக்கு அக்கற கூடிப்போச்சு. முன்னெல்லாம் நான் கத்தாத நாள் கிடையாது. இப்ப எட்டு மாசமா ஒரு வார்த்த சொல்லல, கேட்டுப் பாருங்க. இவங்க மேல கை வச்சீங்கன்னா, நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அளக்க வந்தவள் “தனிப்பட்ட அக்கறை” என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தார். பெட்டியை விழிப்பில் வைக்கும் பணி இன்றியமையாதது. அது மட்டும் இருந்திருந்தால் எட்டக்கா எழுந்து பதிவறைக்கு ஓடியிருப்பாள். ஆனால் அறிக்கை அதோடு நிற்கவில்லை. இவ்வளவு முக்கியமான பணி ஒரே ஆளை நம்பியிருப்பது ஆபத்து. ஆகவே மாற்று ஆள் ஒருவர் தயார் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். சம்பந்தப்பட்டவர் இத்தனை வருடமாக எடுக்காத விடுப்பில் முதல் தவணையாகப் பன்னிரண்டு நாள் கட்டாயம் வீட்டில் இருந்தாக வேண்டும்.

பன்னிரண்டு நாள். வீட்டில்.

மாற்று ஆளாக யாரும் வர மாட்டேன் என்றார்கள். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்கார எனக்கென்ன தலையெழுத்தா என்று வரவேற்புப் பெண் கேட்டாள். எக்ஸ்ரே எடுப்பவர், தனக்கு அந்த அளவுக்குப் பொறுப்பு கிடையாது என்று தானாகவே ஒப்புக்கொண்டார். வீட்டில் சும்மா இருக்கிற, கொஞ்சம் ஒழுங்கான ஆள் யாராவது உண்டா என்று மேனேஜர் பொதுவாகக் கேட்டார்.

“ஏன், எட்டக்கா வீட்டுக்காரர் இருக்காரே,” என்றாள் வரவேற்புப் பெண்.

எட்டக்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது ஒரு கணக்கு அவள் மூளையில் ஓடியது. அவர் இங்கே என்றால், பன்னிரண்டு நாளும் வீட்டில் அவர் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

கிடங்குக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அவள் இரண்டு நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்: எட்டு நிமிடம், தடவைக்குப் புதுப் படம், ஒரே படத்தைத் திறந்தால் பெட்டிக்குச் சேதி போகாது. எல்லாம் பழைய பெட்டியின் சாஸ்திரம். அவர் பதிவேட்டுக்கு அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார். நேரம் ஒரு கட்டம், படத்தின் எண் ஒரு கட்டம், பெட்டியின் நிலை ஒரு கட்டம். நிலை என்ற கட்டத்தில் “விழித்திருந்தது” என்று அச்சு மாதிரி எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை.

வீட்டில் முதல் நாள் எட்டக்காவின் கை எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எதையோ தேடிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள் சமையலறை டப்பாக்களின் சீட்டை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். மூன்றாம் நாள் தங்கையோடு இரண்டு மணி நேரம் பேசினாள். அழுகை தீர்ந்த பிறகும் பேச விஷயம் இருந்ததில் இரண்டு பேருக்குமே ஆச்சரியம். எண்ணுவதற்கு ஆள் இல்லாத வீடு அகலமாக இருந்தது. எவ்வளவு உப்பு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் சாயந்திரம் கிடங்குக்காரர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. டீ கொடுத்தாள். குடிக்கவில்லை.

“ஒரு தப்புப் பண்ணிட்டேன்,” என்றார். “மத்தியானம் கண்ணசந்துட்டேன். நாப்பது நிமிஷம்.”

எட்டக்கா டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“யாருக்கும் தெரியாது. டாக்டர் அந்த நேரம் பழைய படம் எதுவும் கேக்கல போல. முப்பத்தோரு வருஷத்துல நான் வேலையில தூங்கினது கிடையாது. உன் பேரக் கெடுக்கப் பாத்தேனே.”

சொல்லிவிடலாம். ஒரே வரிதான்: அது தூங்காத பெட்டி, நீங்க எவ்வளவு தூங்கினாலும் ஒண்ணுமில்ல. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் மனபாரம் இறங்கிவிடும். அப்புறம் காலையில் நேராக மேனேஜரிடம் போய் அதையும் சொல்லிவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். அப்புறம் இரண்டு பேரும் வீட்டோடு நிம்மதியாக இருக்கலாம்.

“பரவால்ல விடுங்க,” என்றாள். “எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான். இனிமே சாப்பிட்டதும் முகத்தக் கழுவிட்டு உக்காருங்க.”

அவர் அவளை நன்றியோடு பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வைக்கு அவள் எவ்வளவோ செய்து பார்த்திருக்கிறாள். அது இதற்குக் கிடைத்தது.

மறுநாளிலிருந்து எட்டை அவர் ஆறாக்கினார், தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிற மாதிரி. பன்னிரண்டாம் நாள் அதைவிடப் பெரிய சேதியோடு வந்தார்.

“நீ இவ்ளோ வருஷம் கஷ்டப்பட்டது போதும். இனிமே நான் பாத்துக்கறேன். மேனேஜர்கிட்டயும் ஒரு வார்த்த போட்டு வச்சிருக்கேன்.”

பாசத்தில் சொன்னார், அதில் சந்தேகமில்லை. எட்டக்கா அவர் முகத்தையே பார்த்தாள். வீட்டுக்கு அனுப்பப்படுவோமோ என்று பயந்தவளை வீட்டுக்கு அனுப்ப, கடைசியில் தலைமை அலுவலகம் தேவைப்படவில்லை. கட்டிய கணவர் போதும்.

“காலையில டாக்டர் பழைய படம் நிறையக் கேப்பாரு,” என்றாள் நிதானமாக. “அவசரம் ஜாஸ்தி. அதுக்குப் பழகின கை வேணும். ஒரு மணி வரைக்கும் நான் இருக்கேன். மத்தியானம் நீங்க வாங்க. அதுதான் கஷ்டமான நேரம், தூக்கம் வர்ற நேரம். அதுக்கு உங்கள மாதிரி கட்டுப்பாடான ஆள்தான் சரி.”

கிடங்குக்காரர் யோசித்தார். கஷ்டமான நேரத்தைத் தனக்குக் கொடுத்ததில் அவருக்குப் பெருமை. ஆறை மட்டும் விட்டுக்கொடுத்து மறுபடி எட்டுக்கு வரச் சம்மதித்தார், அவள் வைத்த முறை மாறக் கூடாதென்று. மேனேஜருக்கு அதைவிடச் சந்தோஷம். ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது என்று அறிக்கை சொன்னது அப்படியே நிறைவேறிவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். அங்கிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. மற்றக் கிளைகளிலும் இப்படி இரண்டு பேர் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாக அதில் ஒரு வரி இருந்தது.

அன்றிலிருந்து எட்டக்காவுக்குக் காலையில் உத்தியோகம், மத்தியானம் வீடு. இரண்டிலும் அவர் இல்லை. ஒரு மணிக்குப் பதிவறை வாசலில் இரண்டு பேரும் சந்திப்பார்கள். அவர் பதிவேட்டை வாங்கிக் காலைப் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். மறுநாள் காலையில் அவள் அவருடைய மத்தியானப் பக்கத்துக்குக் கையெழுத்திடுவாள். இந்தச் சில நிமிடங்களில் அவர்கள் பேசிக்கொண்டது, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

ஒரு நாள் அவள் வீட்டுச் சாவியை மேசையிலேயே மறந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்பினாள். போய்ச் சேரும்போது மணி இரண்டரை. பதிவறை வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். வரவேற்பில் ஏதோ பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவர், பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே கிடங்குக்காரர் தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, சீரான மூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தார். முகம் கழுவிய ஈரம் காலரில் இன்னும் காயவில்லை. மேசை மேல் சாம்பல் பெட்டியின் நீல விளக்கு, இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

“அக்கா, இது...” என்று ஆரம்பித்தார்.

“சத்தம் போடாதீங்க,” என்றாள் எட்டக்கா. “எழுப்பிடாதீங்க.”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, பிரிண்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் அடிமேல் அடி வைத்து உள்ளே போய்ச் சாவியை எடுத்தாள். பக்கத்தில் பதிவேடு திறந்து கிடந்தது. கண் தானாக அதில் விழுந்தது. ஒன்று எட்டு, ஒன்று பதினாறு, ஒன்று இருபத்து நான்கு என்று அச்சு எழுத்தில் வரிசையாக இறங்கி, இரண்டு முப்பத்தாறைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, நான்கு ஐம்பத்திரண்டு, ஐந்து மணி வரைக்கும் பக்கம் நிறைந்திருந்தது. முப்பத்தோரு வருடம் ஒரு ஆணியைக்கூடக் கூட்டி எழுதாத மனிதர், தூங்குவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இனிமேல் வரப்போகிற நேரங்கள் ஒவ்வொன்றுக்கும் நேராக, நிலை என்ற கட்டத்தில், “விழித்திருந்தது” என்று இருந்தது.

எட்டக்கா அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தாள். அந்தக் கட்டத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுநாள் காலை வரைக்கும் காத்திருப்பானேன் என்று பேனாவை எடுத்து, அடியில் “சரிபார்க்கப்பட்டது” என்று எழுதி, வருகைப் பதிவேட்டில் இருக்கும் அந்தத் தூரத்துச் சொந்தக்காரியின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.